பல்லரட் சவரின் ஹில்: பயணத்தின் கடைசி நாளை ஒதுக்கத் தகுந்த தங்கச் சுரங்க நகரம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் மெல்பர்ன் நகரம், கிரேட் ஓஷன் ரோடு கடற்கரைச் சாலை, பிலிப் தீவின் பென்குயின்கள் என்று பார்த்து முடித்துவிட்டு, ஊர் திரும்பும் முன் ஒரு நாள் மிஞ்சினால் அதைக் கடைத்தெருவிலேயே செலவிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்குப் பல்லரட் நகரத்தின் சவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எங்கள் பயணத்தின் இறுதியில்தான் அங்கே சென்றோம். அதுவரை பார்த்த பெரிய கட்டடங்களும் அகலமான சாலைகளும் எந்தப் பணத்தில், யாருடைய உழைப்பில் எழுந்தன என்ற கேள்விக்கு அங்கேதான் முழுமையான விடை கிடைத்தது. விக்டோரியாவின் மக்கள்தொகை 1851ஆம் ஆண்டில் ஏறத்தாழ 77,000 ஆக இருந்து, பத்தே ஆண்டுகளில் 5,40,000ஐ எட்டியது. அந்தப் பத்தாண்டுகளைத்தான் சவரின் ஹில் தன் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

மெல்பர்னிலிருந்து வடமேற்காக 110 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் பல்லரட் இருக்கிறது. 1851 ஆகஸ்டில் முதலில் அருகிலிருந்த பனின்யாங்கிலும், சில நாட்களுக்குள் பல்லரட்டிலும் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், பல நாட்டு மக்கள் கூடாரங்களோடு இங்கே வந்து குவிந்தார்கள். அந்தத் தங்க வேட்டை நடந்த நிலத்திலேயே, கோல்டன் பாயின்ட் என்னும் பகுதியில், 1970 நவம்பர் 29 அன்று சவரின் ஹில் திறக்கப்பட்டது. இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது. கட்டடங்களில் பெரும்பாலானவை பழைய படங்களையும் ஆவணங்களையும் பார்த்துப் புதிதாக எழுப்பப்பட்டவையே. ஆயினும் உள்ளே நடப்பவை வெறும் அலங்காரம் அல்ல. கொல்லர் உண்மையாகவே இரும்பைக் காய்ச்சி அடிக்கிறார். நீராவிக் கொதிகலனில் உண்மையாகவே விறகு எரிகிறது. வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திரங்கள் நீராவியின் விசையில் சுழல, மரம் கடைசலாகி, ஆரக்கால் பொருந்தி, இரும்புப் பட்டை ஏறி, ஒரு முழுச் சக்கரம் உருவாகும் முறையை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார்கள். பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கச் சீட்டு ஒட்டும் அருங்காட்சியகங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, செய்முறையையே காட்சிப் பொருளாக வைத்திருப்பது பெரிதும் பிடித்திருந்தது.

நுழைந்தவுடன் எல்லோருடைய கால்களும் இறங்கிச் செல்வது தங்கம் அலசும் ஓடைக்குத்தான். தகரத் தட்டுகளும் மண்வாரிகளும் அங்கேயே கிடைக்கின்றன, கற்றுத் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். தட்டில் பாதியளவு சரளை மண்ணை அள்ளி, நீருக்குள் வைத்தபடியே களிமண் கட்டிகளை விரல்களால் கரைத்து, பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கிய பிறகு, தட்டைச் சற்றுச் சாய்த்து மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு வெளியேற்ற வேண்டும். நீரைப்போலத் தங்கம் 19 மடங்கு அடர்த்தி உடையது. சாதாரண மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான அடர்த்தியே கொண்டது. ஆகவே குலுக்கக் குலுக்கத் தங்கம் அடியில் போய்ப் படியும். அவசரப்படுகிறவர்களின் தட்டில் மணலோடு தங்கமும் சேர்ந்து வெளியேறிவிடும். ஓடையில் நிர்வாகமே தங்கத் துகள்களைத் தூவி வைக்கிறது. கிடைத்ததை நாமே எடுத்துச் செல்லலாம். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு துகளைக் கண்டதும் குழந்தைகள் எழுப்பும் கூச்சலைக் கேட்டால், அக்காலத்தில் ஒரு சேதி எப்படிக் கடல்களைத் தாண்டிப் பரவியது என்பது ஓரளவு விளங்கும்.

ஆனால் ஓடையோடு நின்றுவிடுகிறவர்கள் பல்லரட்டின் கதையில் முதல் சில மாதங்களை மட்டுமே பார்த்தவர்கள் ஆவார்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சவரின் ஹில்லில் எதை முதலில் பார்ப்பது, எதற்கு நேரம் ஒதுக்குவது என்ற முடிவு இதைப் பொறுத்தே அமைகிறது.

ஓடைக்கரைகளில் மேலாகக் கிடந்த தங்கம் விரைவிலேயே தீர்ந்துபோயிற்று. மிகப் பழங்காலத்தில் இங்கே ஓடிய ஆறுகளின் படுகைகளில் ஏராளமான தங்கம் படிந்திருந்தது. பின்னர் எரிமலைக் குழம்பு வழிந்து அந்த ஆறுகளை மூடிவிட்டதால், படுகைகள் பாறைக்கும் களிமண்ணுக்கும் கீழே வெகு ஆழத்தில் புதைந்து கிடந்தன. அவற்றை அடைய நேர்குத்தாகக் குழி தோண்ட வேண்டும். 1854 வாக்கில் பல்லரட்டில் 100 அடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்குக் குழிகள் இறங்கின. ஒரு குழியை முடிக்கவே பல மாதங்கள் ஆகும். ஊறும் நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும், பக்கங்கள் சரியாமல் பலகைகளால் முட்டுக் கொடுக்க வேண்டும், கையால் சுழற்றும் உருளையில் கயிறு கட்டி மண்ணை வாளி வாளியாக மேலேற்ற வேண்டும். இத்தனையும் செய்து அடியைத் தொட்ட பிறகு, பழைய ஆற்றின் தடம் பத்தடி தள்ளிப் போயிருப்பது தெரியவந்தால், அத்தனை மாத உழைப்பும் வீண். தனி ஆளாக வந்தவர்கள் கூட்டுச் சேர்ந்து உழைக்கத் தொடங்கியதும் இதனால்தான்.

இந்த ஆழத்தை உடலால் உணர்த்துவதுதான் சவரின் ஹில் செய்யும் மிகச் சிறந்த காரியம். ரெட் ஹில் சுரங்கத்துக்குள் வழிகாட்டி இல்லாமல் நாமே இறங்கி நடக்கலாம். குறுகலான வழி, தலையில் இடிக்கும் உத்தரங்கள், ஈரச் சுவர்கள், அங்கங்கே ஒளி ஒலிக் காட்சிகள். 1858 ஜூன் 9 அன்று பேக்கரி ஹில் பகுதியில், தரைக்கு 180 அடி கீழே, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த 22 பேர் கொண்ட குழுவினர் கண்டெடுத்த ‘வெல்கம் நகெட்’ என்னும் தங்கக் கட்டியின் கதை அங்கே சொல்லப்படுகிறது. அதன் எடை ஏறத்தாழ 69 கிலோ. தங்கத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், அவ்வளவு எடையும் நான்கு லிட்டருக்கும் குறைவான இடத்துக்குள் அடங்கிவிடும். மாதிரி உருவத்தைப் பார்க்கும்போது, இவ்வளவு சிறியதா இத்தனை எடை என்ற வியப்பு ஏற்படுகிறது. அந்தக் கட்டி இறுதியில் இலண்டனுக்குப் போய், 1859ஆம் ஆண்டில் உருக்கப்பட்டுச் சவரன் நாணயங்களாகிவிட்டது. இன்று உலகில் எங்கும் அது இல்லை. அது கிடைத்த கதையைக் கேட்டு உணர்வதற்கு மட்டும் இந்தச் சுரங்கம் இருக்கிறது.

வழிகாட்டியோடு செல்லும் சுரங்கச் சுற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சரிவுப் பாதையில் ஓடும் சிறிய வண்டியில் அமர்த்தி, முழு இருட்டில் கீழே அழைத்துச் செல்கிறார்கள். கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியாத அந்த இருட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாள் முழுவதும் உளியும் சுத்தியலுமாக வேலை செய்தவர்களைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் கிடைக்காத புரிதலைச் சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. ஆற்றுப்படுகைத் தங்கம் குறைந்த பிறகு குவார்ட்ஸ் பாறைகளுக்குள் இழையோடிய தங்கத்தைத் தேடி நிறுவனங்கள் இறங்கின. அதுவரை தன் நிலத்தில் தானே தோண்டியவர் கூலிக்கு வேலை செய்பவர் ஆனார். காற்றழுத்தத் துளைப்பான்கள் வந்தபோது வேலை விரைவானது, ஆனால் பாறைத் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோய் பரவியது. இளம் வயதிலேயே மூச்சு முட்டி இறந்தவர்களின் எண்ணிக்கை சரிவுகளிலும் வெடிகளிலும் இறந்தவர்களுக்குக் குறைந்ததல்ல என்ற எண்ணமே மேலே வரும்வரை என் மனத்தில் இருந்தது. துளைக்கும்போது நீரைப் பீய்ச்சித் தூளை அடக்கும் முறை வந்ததற்குப் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

இந்த இடத்தில் நம் கோலார் தங்கவயலை நினைக்காமல் இருக்க எந்தத் தமிழராலும் முடியாது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்கே பொறுப்பேற்ற பிறகு, கார்ன்வால் சுரங்கக்காரர்கள் மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். பாறையை உடைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். பல்லரட்டில் வெல்கம் நகெட்டைக் கண்டவர்களும் அதே கார்ன்வால் மரபினரே. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902ஆம் ஆண்டில் உற்பத்தியான மின்சாரம் முதன்முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் சுரங்கங்களுக்குத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. பல்லரட்டில் 180 அடியை இத்தனை அக்கறையோடு ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும்படி காட்ட முடிகிறது என்றால், கோலாரின் ஆழத்தையும் அங்கே உழைத்த குடும்பங்களின் வாழ்வையும் இப்படிக் காட்டக்கூடிய ஓர் இடம் நமக்கு வேண்டும் என்ற ஏக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. சவரின் ஹில்லுக்குப் போய் வரும் ஒவ்வொரு தமிழரும் இதைப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும், தாதுவை இடிக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் கனத்த இரும்புத் தூண்கள், நெல் குத்தும் உலக்கைகளைப் போல ஒன்று மாற்றி ஒன்று எழுந்து விழுந்து, தங்கம் கலந்த குவார்ட்ஸ் கற்களைத் தூளாக்குகின்றன. தூளோடு ஓடும் நீர், பாதரசம் தடவிய தகடுகளின் மீது வழியும்போது தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பிரிய, தங்கம் மிஞ்சும். அக்காலத்தில் பல்லரட் முழுவதும் இத்தகைய இயந்திரங்கள் இரவு பகலாக இயங்கின. ஓர் இயந்திரத்தின் ஓசையே மார்பில் அதிர்கிறது என்றால், நகரம் முழுவதும் அவை இடித்துக்கொண்டிருந்தபோது மக்கள் எப்படி உறங்கினார்கள் என்று வியந்தேன்.

தங்கம் வார்க்கும் காட்சியையும் தவறவிடக் கூடாது. உலையில் உருகிய ஏறத்தாழ 3 கிலோ தங்கத்தை, எல்லோரும் பார்க்க அச்சில் ஊற்றுகிறார்கள். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். ஊற்றுவதற்கு அதைவிடச் சூடாக இருக்க வேண்டும். ஒளிரும் ஆரஞ்சு நிறத் திரவம் அச்சில் விழுந்து, சில நிமிடங்களில் நாம் அறிந்த மஞ்சள் கட்டியாக மாறுகிறது. ஒரே தங்கத்தையே திரும்பத் திரும்ப உருக்கிக் காட்டுகிறார்கள். குறுகிய காட்சிதான், முன்வரிசையில் இடம் கிடைக்க அறிவித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே சென்றுவிட வேண்டும்.

இனி, இந்த அருங்காட்சியகம் சொல்லும் அரசியல் கதைக்கு வருகிறேன். முதன்மைத் தெருவில் செஞ்சட்டை அணிந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் முரசு முழங்க அணிவகுத்து வந்து துப்பாக்கி வெடித்துக் காட்டுகிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது, படம் எடுக்கிறது. சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த அணிவகுப்பு வேறு பொருள் தரும். 1851ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. தங்கம் தோண்டும் ஒவ்வொருவரும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டும். ஓடையில் அலசிச் சில நாட்களில் தங்கம் எடுத்த காலத்தில் அது ஒரு தொல்லை, அவ்வளவே. பல மாதங்கள் குழி தோண்டினால்தான் தங்கம் கண்ணில் படுமா படாதா என்று தெரியவரும் பல்லரட்டில், அதே வரி ஒரு குடும்பத்தைப் பட்டினி போடும் சுமையாயிற்று. 1854 செப்டம்பரில் ஆளுநர் ஹோத்தம் வாரம் இருமுறை உரிமச் சோதனை நடத்த உத்தரவிட்டார். குழியின் அடியில் நிற்பவர் மேலேறி வந்து ஈரம் படிந்த சீட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அபராதம் அல்லது சிறை. வரி செலுத்துபவருக்கு வாக்குரிமையும் இல்லை.

அந்த அக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற சுரங்கத் தொழிலாளி கொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட விடுதிக்காரர் முதலில் விடுவிக்கப்பட்டதும் மக்கள் அந்த விடுதிக்குத் தீ வைத்தார்கள். நவம்பர் இறுதியில் பேக்கரி ஹில்லில் உரிமச் சீட்டுகளை எரித்தார்கள். தென்சிலுவை விண்மீன்கள் பொறித்த நீலக் கொடியின் கீழ், பீட்டர் லாலர் என்ற அயர்லாந்துக்காரரின் தலைமையில் உறுதிமொழி எடுத்து, மரக்கட்டைகளால் அரண் அமைத்தார்கள். டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியலில் படைகள் தாக்கின. சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள், லாலர் ஒரு கையை இழந்தார். ஆனால் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் மெல்பர்ன் நடுவர் குழுக்கள் விடுவித்தன. மாத உரிமம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டு செலுத்தினால் போதும் என்ற சுரங்கத் தொழிலாளர் உரிமைச் சீட்டு 1855ஆம் ஆண்டில் வந்தது; அதை வைத்திருப்பவருக்கு வாக்குரிமையும் வந்தது. அதே ஆண்டில் லாலர் சட்டமன்ற அவைக்குள் நுழைந்தார், பின்னாளில் பேரவைத் தலைவராகவும் ஆனார். யுரேகா கிளர்ச்சி என்று வரலாறு சொல்வதன் வேர், ஒரு குழியின் ஆழத்தில் இருக்கிறது. இதை எந்த விளக்கப் பலகையும் இல்லாமலேயே, இறங்கி ஏறிய நம் கால்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன. ஆகவேதான் சுரங்கத்தை முதலிலும் அணிவகுப்பைப் பிறகும் பார்க்கும்படி நாளை அமைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பலர் நிற்காமல் கடந்துபோகும் இடம் சீனர் குடியிருப்பு. ஓடைக்கு அருகே சில கூடாரங்கள், ஒரு கோயில், ஒரு கடை, மூலிகை மருத்துவர் ஒருவரின் இருப்பிடம். அங்கே நான் நெடுநேரம் நின்றேன். பெரும்பாலும் குவாங்டாங் மாநிலத்திலிருந்து, பயணச் செலவைக் கடனாகப் பெற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். சம்பாதித்ததில் முதல் பங்கு கடனுக்கும், மறு பங்கு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் போயிற்று. 1855ஆம் ஆண்டில் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி விதித்தது. அதைத் தவிர்க்க, அண்டையிலிருந்த தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் கப்பல்கள் அவர்களை இறக்கிவிட்டன. 1856 முதல் 1858 வரை மட்டும் 16,000க்கும் அதிகமானோர் அங்கே இறங்கி, 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை வரிசையாக நடந்தே தங்கவயல்களுக்கு வந்தார்கள். பிறர் தோண்டிவிட்டுக் கைவிட்ட மண்ணை மீண்டும் பொறுமையாக அலசி அதிலிருந்து தங்கம் எடுத்தார்கள். அந்தப் பொறுமையே பிறருடைய வெறுப்புக்குக் காரணமாயிற்று. வழிகாட்டிச் சுற்றுகளில் ஒன்று, சுரங்கத்துக்குள் பிரிந்துபோன இரண்டு சீனச் சகோதரர்களின் கதையைச் சொல்கிறது. கடன் வாங்கிக் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிஜிக்கும் போன நம் முன்னோரின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கூடாரங்கள் அந்நியமாகத் தோன்றா. வாக்குரிமைக்குப் போராடிய அதே தங்கவயலில் சீனர்கள் தனியே ஒதுக்கப்பட்டார்கள் என்ற உண்மையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் வரலாறு நேர்மையாக இருக்கும். அதை இங்கே மறைக்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும்.

இந்த நிலம் வதவுருங் பழங்குடி மக்களுடையது. தங்க வேட்டைக்கு முன்பே ஆட்டு மந்தைகளோடு வந்த குடியேறிகளால் அவர்கள் நிலத்தை இழக்கத் தொடங்கியிருந்தார்கள். பிறகு வந்த ஆயிரக்கணக்கான குழிகள் ஓடைகளையே உருமாற்றிவிட்டன. இந்தத் தலைப்பை இன்னும் விரிவாக, தெருவிலும் சுரங்கத்திலும் சொல்வதைப் போன்ற உயிரோட்டத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கடைத்தெருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுமனை, மருந்துக் கடை, மெழுகுவர்த்திப் பட்டறை, நாடக அரங்கு, அஞ்சலகம் ஆகியவை அழகாக இருக்கின்றன. மிட்டாய்க் கடையில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, உருளைகளுக்கு இடையே செலுத்திச் சிவப்பு ராஸ்ப்பெரி மிட்டாய் செய்வதைக் குழந்தைகள் வாய் திறந்தபடி பார்க்கிறார்கள், பெரியவர்களும்தான். பழங்கால உடையில் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிச் சிறுவர்கள் 1850களின் உடையணிந்து, அக்காலத்து வகுப்பறையில் பாடம் படிக்கும் திட்டம் ஒன்றும் நடக்கிறது. அவர்கள் தெருவில் வரிசையாக நடந்து போவதை அடிக்கடி காணலாம். குதிரை வண்டிச் சவாரிக்குச் செலவிடும் நேரத்தை நான் கொதிகலன் அறைக்கே கொடுப்பேன், ஆனால் சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

பயணத்தின் கடைசி நாளில் வருகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மெல்பர்னில் இருந்து வனவிலங்குப் பூங்காவையும் இந்த இடத்தையும் ஒரே நாளில் சேர்த்துக் காட்டும் பேருந்துச் சுற்றுலாக்கள் பல உண்டு. அவற்றில் சவரின் ஹில்லுக்குச் சில மணி நேரமே கிடைக்கும். ஓடையையும் மிட்டாய்க் கடையையும் பார்ப்பதற்குள் திரும்பி வரச் சொல்லிவிடுவார்கள். நாமே ரயிலில் செல்வது நல்லது. மெல்பர்னின் சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பல்லரட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தோ டாக்சியோ பிடிக்கலாம். பல்லரட்டிலிருந்து மெல்பர்ன் விமான நிலையத்துக்கு முன்பதிவு செய்து செல்லும் பேருந்தும் இருக்கிறது. ஆனால் அன்றைய இரவே விமானம் என்றால் மாலைக் காட்சிகளை மனம் நிம்மதியாகப் பார்க்காது. விமானத்துக்கு முந்தைய நாளை இதற்கு வைத்துக்கொள்வதே சரி. எல்லாக் கிழமைகளிலும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாமல், திறக்கும் நாட்களையும் அன்றைய கட்டணத்தையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்லரட் மெல்பர்னைவிடக் குளிர்ச்சியான ஊர். கோடையிலும் காலையில் ஒரு மேல்சட்டை தேவைப்படும். ஜூன், ஜூலை மாதங்களில் குளிர்கால விழா ஒன்று நடத்திக் கட்டடங்களை வண்ண விளக்குகளால் நிறைக்கிறார்கள். அழகான காலம், கூட்டமும் மிகுதி. இடம் முழுவதும் ஒரு குன்றின் சரிவில் இருப்பதாலும், தெருக்கள் மண்ணும் சரளையுமாக இருப்பதாலும், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் மேலும் கீழும் பலமுறை நடக்காதபடி திட்டமிட வேண்டும். மூடிய இடங்களில் அச்சம் உள்ளவர்கள் இருட்டு வண்டிச் சுற்றைத் தவிர்த்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய ரெட் ஹில் சுரங்கத்தைப் பார்க்கலாம். துப்பாக்கி வெடி உண்மையிலேயே காதைப் பிளக்கும். கைக்குழந்தையோடு முன்வரிசையில் நிற்காதீர்கள். உணவுக்கு மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்னும் பண்டமும் சூப்பும் முதன்மையாகக் கிடைக்கின்றன. சைவ உணவு உண்பவர்கள் காலையிலேயே விசாரித்துவைப்பது நல்லது.

இரவு பல்லரட்டிலேயே தங்க முடிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, சண்டை நடந்த பகுதியில் அமைந்துள்ள யுரேகா மையம். கிளர்ச்சியாளர்கள் ஏற்றிய அசல் கொடியின் எஞ்சிய துணியை அங்கே காணலாம். மற்றொன்று, லிடியார்டு தெரு. சவரின் ஹில்லில் நாம் பார்ப்பது கூடாரங்களும் மரக்கடைகளுமாக இருந்த பல்லரட். அந்தத் தங்கம் அடுத்த முப்பது ஆண்டுகளில் கல்லாகவும் சுண்ணமாகவும் மாறி நிற்பதை லிடியார்டு தெருவின் வங்கிகளிலும், 1875ஆம் ஆண்டில் திறந்த ஹெர் மெஜஸ்டிஸ் நாடக அரங்கிலும், 1884ஆம் ஆண்டில் தொடங்கிய ஓவியக் கூடத்திலும் பார்க்கலாம். ரயில் நிலையமும் அதே தெருவில்தான் இருப்பதால், திரும்பும் வழியில் நடந்தே பார்த்துவிட முடியும்.

நுழைவுக் கட்டணம் குறைவானதல்ல. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கணிசமான தொகை. சுரங்கச் சுற்றுகளுக்கு மேலும் செலவாகும். காலை திறக்கும்போதே சென்று மாலை மூடும்வரை இருப்பவர்களுக்கு அந்தப் பணம் முழுவதும் தகும், பிற்பகலில் சென்று இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருபவர்களுக்குத் தகாது. வழிகாட்டிச் சுற்றுகளுக்கு நேரம் குறித்த சீட்டு என்பதால், நுழைந்த உடனே மற்ற எதற்கும் முன்பாக அவற்றை வாங்கிக்கொண்டு, தங்கம் வார்க்கும் நேரத்தையும் அணிவகுப்பு நேரத்தையும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஓடைக்கு இறங்குங்கள்.